கணவாயைக் கடக்காதவள் எழுதுகிறேன்

நேப்பாளத்தின் தோரோங் லா கணவாய் கடல்மட்டத்திலிருந்து 5,416 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே ஒரு பெயர்ப்பலகையும், அதைச் சுற்றிப் பிரார்த்தனைக் கொடிகளும் உண்டு. அந்தப் பலகையின் அருகே நின்று எடுத்த படம் எங்கள் குழுவின் ஆறு பேரில் நான்கு பேரிடம் இருக்கிறது. என்னிடமும் என் அறைத்தோழியிடமும் இல்லை. நாங்கள் இருவரும் அதற்கு முந்தைய தங்குமிடத்திலிருந்தே கீழே இறங்கிவிட்டோம்.

மலையேறித் திரும்பிய மாணவர்கள் தங்கள் வெற்றியை எழுதுவதுதான் வழக்கம். ஏறாமல் திரும்பியவள் எழுத என்ன இருக்கிறது என்று நானும் சில மாதங்கள் பேசாமல் இருந்தேன். ஆனால் இந்த ஆண்டும் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு அதே பாதைக்குத் தயாராகிறது. அவர்களின் பயண அட்டவணையைப் பார்த்தேன். நாங்கள் செய்த தவறு, அதே இடத்தில், அதே மாதிரி அதில் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

கினபாலு தந்த நம்பிக்கை

எஸ்டிபிஎம் முடித்த கையோடு கினபாலு மலை ஏறினேன். 4,095 மீட்டர். திம்போஹோன் நுழைவாயிலில் காலையில் தொடங்கி, பனாலாபானில் சில மணி நேரம் படுத்து, விடியுமுன் உச்சியைத் தொட்டு, மறுநாள் மாலைக்குள் கீழே வந்துவிட்டோம். கால்தான் வலித்தது. தலை வலிக்கவில்லை. “உயரம் எனக்கு ஒத்துக்கொள்கிறது” என்று அன்றே எனக்கு நானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

அது எவ்வளவு பொய்யான சான்றிதழ் என்பது பிறகுதான் புரிந்தது. உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் ஏறிய உடனே தெரிவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தலைகாட்டும். கினபாலுவில் 4,000 மீட்டருக்கு மேல் நாம் இருப்பது ஓரிரு மணி நேரம். நோய் வருமுன் நாம் இறங்கிவிடுகிறோம். அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நிலைமை வேறு. அங்கே நாம் உயரத்திலேயே உண்டு, உயரத்திலேயே உறங்கி, மறுநாள் இன்னும் உயரே போகிறோம். உடல் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ள அங்கே நேரம் கிடைக்கிறது.

உயரே போனால் காற்றில் உயிர்வளி குறையும் என்று பள்ளியில் படித்திருப்போம். விகிதம் குறைவதில்லை, எங்கும் அது சுமார் 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். தோரோங் லா உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் உயிர்வளியும் பாதி. உடல் இதை ஈடுசெய்ய வேகமாக மூச்சு வாங்குகிறது. அதனால் இரத்தத்தின் அமிலகாரச் சமநிலை மாறுகிறது. அதைச் சிறுநீரகம் சரிசெய்ய வேண்டும். இதற்குச் சில நாள்கள் தேவை. எவ்வளவு ஓடிப் பயிற்சி எடுத்திருந்தாலும் அந்த நாள்களைக் குறைக்க முடியாது. உடற்கட்டு உள்ளவருக்கும் இந்நோய் வரும். இன்னும் சொன்னால், வேகமாக ஏற முடிகிறவரே ஆபத்தை வேகமாகச் சென்றடைகிறார்.

நாங்கள் அடித்துவிட்ட ஒரு வரி

எங்கள் வழிகாட்டி நாற்பது வயதைத் தாண்டியவர். அண்ணன் என்ற பொருளில் ‘தாஜு’ என்று அழைத்தோம். அவர் எங்களைத் தங்கை என்ற பொருளில் ‘பஹினி’ என்பார். அவர் போட்டுத் தந்த அட்டவணையில் 3,540 மீட்டர் உயரத்தில் உள்ள மானாங் கிராமத்தில் இரண்டு இரவுகள் இருந்தன. இரண்டாவது நாள் அருகிலுள்ள குன்றில் ஏறி, மீண்டும் மானாங்குக்கே இறங்கி உறங்குவது திட்டம். உயரே ஏறு, தாழ்வாகத் தூங்கு என்பது மலையேறிகளின் பழைய பாடம்.

காட்மாண்டுவுக்கு நாங்கள் ஒரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். திரும்பும் விமானச் சீட்டோ மாற்ற முடியாத மலிவுச் சீட்டு. ஒரு நாளை எங்கே மிச்சம் பிடிப்பது? அட்டவணையில் ‘ஓய்வு’ என்று எழுதியிருந்த வரிதான் எல்லார் கண்ணிலும் பட்டது. ஆறு பேரும் வாட்ஸ்அப்பில் வாக்களித்தோம். ஆறும் ஆதரவு. தாஜு வேண்டாம் என்றார். “நாங்கள் எல்லாரும் கினபாலு ஏறியவர்கள்” என்று அவருக்குப் பதில் சொன்னவள் நான்தான்.

இன்று மானாங் வரை ஜீப் போகிறது. முன்பு பல நாள்கள் நடந்து போன தூரத்தை இரண்டு நாளில் உட்கார்ந்தபடி கடந்துவிடலாம். சாலை கிராமத்து மக்களுக்குப் பெரிய வரம். அதைக் குறை சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பழைய நடை, யாரும் சொல்லித்தராமலே உடலைப் பழக்கிவிட்டது. ஜீப்பில் போகிறவர் அந்த நாள்களை வேறு வகையில் கொடுத்தாக வேண்டும். நாங்கள் ஜீப்பிலும் போனோம், ஓய்வு நாளையும் வெட்டினோம். 1,400 மீட்டர் உயரமுள்ள காட்மாண்டுவிலிருந்து நான்கே நாளில் 4,450 மீட்டர் உயரமுள்ள தோரோங் பேடியை அடைந்தோம்.

மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிமையானது. 3,000 மீட்டரைத் தாண்டிய பின், உறங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரே உயரத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். இந்த விதியை நான் புறப்படுவதற்கு முன்பே படித்திருந்தேன். படிப்பதும் கடைப்பிடிப்பதும் வேறு என்பது தேர்வு எழுதும் எல்லாருக்கும் தெரியும்.

மறைத்த தலைவலி

மானாங்கில் இரவு தலை வலிக்க ஆரம்பித்தது. பெனடோல் இரண்டு போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எல்லாரும் எனக்காகக் காத்திருக்க வேண்டும், விமானம் போய்விடும், “அவளால்தான்” என்ற பேச்சு வரும். மறுநாள் 4,050 மீட்டரில் உள்ள யாக் கார்காவில் சோறும் பருப்பும் வைத்தார்கள். வாசனையே பிடிக்கவில்லை. களைப்பு என்று சொல்லித் தட்டைத் தள்ளிவைத்தேன். “உன் முகமே சரியில்லடி” என்றாள் அறைத்தோழி. “தூக்கம் பத்தல” என்றேன்.

தோரோங் பேடியை அடைந்தபோது பிற்பகல் ஒரு மணி. சற்று நேரத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். தாஜு என்னை உணவுக்கூடத்தின் நடுவே நிறுத்தி, தரைப்பலகையில் இருந்த கோட்டின்மேல், ஒரு காலின் குதிகால் மறு காலின் விரலைத் தொடும்படி நடக்கச் சொன்னார். சின்னப் பிள்ளைகளுக்கு வைக்கும் விளையாட்டு போல இருந்தது. மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தேன். மீண்டும் முயன்றேன், மீண்டும் தடுமாறினேன்.

அவர் கோபப்படவில்லை. “பஹினி, பையை எடு. இப்போதே இறங்குகிறோம்” என்றார். காலை வரை பார்க்கலாமே என்று கெஞ்சினேன். “காலையில் நீ நடக்க முடியாமல் போனால் உன்னை யார் தூக்குவது?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தள்ளாட்டம் ஏன் அவரை அவ்வளவு அவசரப்படுத்தியது என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, சோர்வு, தலைச்சுற்றல் சேர்ந்தால் அது சாதாரண மலைநோய். அந்தக் கட்டத்தில் அதே உயரத்தில் தங்கினால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, எண்ணம் குழம்பினாலோ மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ, உதடு நீலமானாலோ நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இவ்விரண்டும் சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியவை. உயிர்வளியும் மருந்தும் நேரம் வாங்கித் தரும். ஆனால் உண்மையான மருந்து ஒன்றுதான்: இறங்குவது. நோயாளியைத் தனியே அனுப்பாமல், துணையோடு, உடனே இறங்குவது.

தாஜு என்னோடு இறங்கினார். அறைத்தோழி ஒரு வார்த்தை பேசாமல் தன் பையையும் எடுத்துக்கொண்டாள். ஓராண்டு முழுக்க வாரக் கடைசிகளில் பேரங்காடியில் வேலை செய்து அந்தப் பயணத்துக்குப் பணம் சேர்த்தவள் அவள். மாலை ஆறு மணியளவில் யாக் கார்காவை அடைந்தபோது என் கால் ஓரளவு நேராகியிருந்தது. மறுநாள் மானாங் போய் மருத்துவரைப் பார்த்தபோது தலைவலியும் விட்டிருந்தது. நானூறு மீட்டர் இறக்கம் செய்த வேலை அது.

அன்று இரவு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்ன பதில் இன்னும் மறக்கவில்லை. “வந்ததப் பத்தி எனக்கு வருத்தம் இல்லடி. நீ மானாங்லயே சொல்லியிருந்தா, நாம ரெண்டு பேருமே மேல போயிருக்கலாம்.”

மற்ற நால்வரை தாஜு சும்மா விடவில்லை. கூடுதலாக ஒரு நாள் பேடியில் தங்கி, தலைவலி இல்லாதவர் மட்டுமே மேலே போகலாம் என்று துணை வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். அவர்கள் தங்கினார்கள், கடந்தார்கள், விமானத்தைத் தவறவிட்டோம். புதுச் சீட்டுக்குத் தலைக்குச் சில நூறு ரிங்கிட் ஆனது. மிச்சம் பிடிக்க நினைத்த அந்த ஒரு நாளை, கடைசியில் வட்டியோடு கொடுத்தோம்.

வானிலை வாக்குக் கேட்பதில்லை

உடலைப் போலவே இன்னொன்றும் நம் அட்டவணையை மதிப்பதில்லை. 2014 அக்டோபர் 12-ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் ஆந்திராவின் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. இரண்டு நாள் கழித்து அதன் எச்சம் இமயமலையைத் தொட்டுப் பெரும் பனிப்புயலாகக் கொட்டியது. அக்டோபர் பொதுவாக அங்கே வானம் தெளிந்திருக்கும் மாதம். பயணிகள் அதிகம் வரும் மாதம். தோரோங் லாவிலும் அதைச் சுற்றியுள்ள மலைப்பகுதிகளிலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கணவாயை அடைந்த பிறகு முக்திநாத் பக்கம் இறங்கும் வழியில் பனியில் சிக்கி இறந்தவர்கள் பலர். வெளிநாட்டுப் பயணிகள் மட்டுமல்லர். நேப்பாள வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் அதில் அடக்கம்.

புயல் கரையைக் கடந்த செய்தி உலகுக்கே தெரிந்திருந்தது. மலைப்பாதையில் இருந்தவர்கள் பலருக்கு அது எட்டவில்லை. இன்று பல விடுதிகளில் இணைய வசதி உண்டு. படத்தைப் பதிவேற்ற அதைத் தேடும் நாம், வானிலை அறிக்கையைப் பார்க்கவும் அதைப் பயன்படுத்தலாம். வங்கக் கடலில் புயல் சின்னம் என்றால் அது சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் மட்டுமான செய்தியன்று.

கணவாயைக் கடக்கும் நாளில் பேடியிலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். அதன்பின் முக்திநாத் வரை சுமார் 1,600 மீட்டர் இறக்கம். விடியுமுன் புறப்படச் சொல்வதற்குக் காரணம், பொழுது ஏற ஏற மேலே காற்று கடுமையாகிவிடும். மேகம் கவிந்து, பனி கொட்டி, வழி தெரியவில்லை என்றால் விடுதியிலேயே இருக்க வேண்டும். பாதி வழியில் மாறினால் திரும்ப வேண்டும். பனியையே பார்க்காமல் வளர்ந்த நமக்கு இது கூடுதலாகப் பொருந்தும். பருத்திச் சட்டையும் ஜீன்சும் நனைந்தால் குளிரை உடம்போடு ஒட்டிவைக்கும். கையுறையும், குளிர்கண்ணாடியும், நெற்றி விளக்கும், காலணியில் மாட்டும் பனிமுள்ளும் அங்கே அலங்காரப் பொருள்கள் அல்ல.

குழுக்களுக்கு என் வேண்டுகோள்

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெற்றோர் “பார்த்தாயா, போகாதே” என்று சொன்னால் நான் எழுதியதே வீண். தடை போட்ட வீட்டில் பிள்ளை போகாமல் இருப்பதில்லை, சொல்லாமல் போகிறது. சொல்லாமல் போகிறவர்தான் தலைவலியையும் சொல்லாமல் இருக்கிறார். போகட்டும். ஆனால் சில ஏற்பாடுகளோடு போகட்டும்.

முதலாவது, பயண அட்டவணையில் நாளையும் ஊரையும் மட்டும் எழுதாமல், ஒவ்வோர் இரவும் உறங்கும் உயரத்தை எழுதுங்கள். எங்கள் அட்டவணையில் அந்த ஒரு பத்தி இருந்திருந்தால், ஓய்வு என்ற வரியை அடிக்க எங்களுக்குக் கை வந்திருக்காது. ஓய்வு என்ற சொல்லே தவறு. அன்று உடல் வேலை செய்கிறது.

இரண்டாவது, குறைந்தது இரண்டு உபரி நாள்களைச் சேர்க்காமல் விமானச் சீட்டு வாங்காதீர்கள். அந்த நாள்களுக்கு விடுமுறை போதவில்லை என்றால், உங்களுக்கு அந்தக் கணவாய் இந்த விடுமுறைக்கு உரியதில்லை. தாழ்வான பாதைகள் எத்தனையோ உண்டு.

மூன்றாவது, வழிகாட்டி ‘இறங்கு’ என்றால் இறங்குவோம் என்று புறப்படுமுன் எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். மலையில் பெரும்பான்மை வாக்கு செல்லாது. நேப்பாளம் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டுப் பயணிகள் வழிகாட்டியுடன்தான் மலைப்பாதைகளில் செல்ல வேண்டும் என்று அறிவித்தது. வழிகாட்டியை அமர்த்திவிட்டு அவர் சொல்லைக் கேட்காமல் இருப்பது, கட்டணம் கட்டி வகுப்பைப் புறக்கணிப்பது போன்றது.

நான்காவது, ஒவ்வொரு மாலையும் ஒருவரையொருவர் கேளுங்கள்: தலை வலிக்கிறதா? சாப்பிட்டாயா? தூங்கினாயா? நடந்து காட்டு. பதில் சொல்வது கட்டாயம் என்று வையுங்கள். எல்லாரும் சொல்லும்போது ஒருவர் மட்டும் பலவீனமாகத் தெரியமாட்டார். அதோடு, பருவக் காலத்தில் மானாங்கில் ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேஷன் மருத்துவ மையம் நடத்துகிறது. அங்கே மருத்துவர்கள் உயரநோய் பற்றி விளக்கம் தருவார்கள். நாங்கள் அவசரத்தில் அதைத் தவறவிட்டோம். நீங்கள் தவறவிடாதீர்கள்.

ஐந்தாவது, மருத்துவரைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். அசெட்டஸோலமைட் மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்த உதவும். ஆனால் எல்லாருக்கும் ஏற்றதன்று, மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் கேட்டாக வேண்டும். மாத்திரை போட்டுவிட்டோம் என்று விதியை மீறக்கூடாது. மதுவும் தூக்க மாத்திரையும் அங்கே ஆகாது. காப்புறுதி வாங்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் தருமா என்று படித்துப் பாருங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதி பல, இவ்வளவு உயரத்தை ஏற்பதில்லை.

கடைசியாக, உங்கள் பையைச் சுமப்பவரையும் குழுவில் ஒருவராக எண்ணுங்கள். சுமைதூக்கிகளில் பலர் தாழ்வான பகுதிகளிலிருந்து வேலைக்கு வருபவர்கள். உயரம் அவர்களையும் தாக்கும். நாம் சேமிக்கும் ஒரு நாளை அவர்களும் தங்கள் உடம்பால் கட்டுகிறார்கள். மாலைக் கேள்விகளை அவர்களிடமும் கேளுங்கள். நல்ல கையுறையும் மேலாடையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நான் புறப்படும்போது அம்மா ஒரு சிறிய போத்தலைக் கொடுத்தனுப்பினார். கணவாய்க்கு அப்பால் உள்ள முக்திநாத், ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் ஒன்று. அங்குள்ள 108 நீர்த்தாரைகளிலிருந்து தீர்த்தம் வேண்டும் என்றார். தோரோங் பேடியில் இறங்குமுன் அதை நண்பனிடம் கொடுத்துவிட்டேன். அவன் மறக்காமல் நிரப்பிக்கொண்டு வந்தான். போத்தல் கணவாயைக் கடந்தது, நான் கடக்கவில்லை. அம்மாவிடம் கொடுத்தபோது நடந்ததை முழுவதும் சொன்னேன், தலைவலியை மறைத்தது உட்பட. அவர் போத்தலைச் சாமி மேடையில் வைத்துவிட்டு, “அடுத்த தடவ எத்தனை நாள் லீவு போடப் போற?” என்று மட்டும் கேட்டார்.

பத்து நாள் கூடுதலாகப் போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். அறைத்தோழியும் வருகிறாள். இம்முறை மானாங்கில் எங்களுக்கு மூன்று இரவுகள்.